அபெல் டாஸ்மன் கடலோரப் பாதை: அவரோவா கழிமுகத்தை எந்த நேரத்தில் கடப்பது?

ஆக்லாந்துக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி நடுவில் நியூசிலாந்துத் தென் தீவின் அபெல் டாஸ்மன் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். நான், கணவர், 12 வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் என நான்கு பேர். மாமனாருக்கு 66 வயது. தினமும் 5 கி.மீ. நடப்பவர்தான், ஆனால் இடது முழங்காலில் தேய்மானம் இருக்கிறது. நன்றாக நடப்பார், இறக்கத்தில் மட்டும் வலிக்கும்.

தங்குமிடப் பதிவு முடிந்துவிட்டது: முதல் இரவு ஆங்கரேஜ், இரண்டாவது பார்க் பே, மூன்றாவது அவரோவா. நான்காம் நாள் டோட்டரநூயி வரை நடந்து, அங்கிருந்து வாட்டர் டாக்ஸியில் மாராஹாவ் திரும்ப வேண்டும்.

குழப்பமே அவரோவாவில்தான். கடல் வற்றியிருக்கும்போது மட்டுமே கடக்க முடியும் என்கிறார்கள். நான் எடுத்து வைத்திருக்கும் அட்டவணைப்படி நான்காம் நாள் வற்றம் காலை 6:10, மாலை 6:35. அப்படியானால் இருட்டிலேயே இறங்க வேண்டுமா? சுற்றிப் போக வேறு வழி உண்டா? இரண்டாம், மூன்றாம் நாட்களிலும் இதே தொல்லை இருக்குமா? நடுவில் ஒரு நாள் கயாக் ஓட்டலாமா? குடில்களில் அடுப்பு கிடையாதாமே, நான்கு பேருக்கு எவ்வளவு எரிவாயு வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்கோடி:

முதலில் அவரோவா. சுற்றுவழி இல்லை. டாரண்ட் பேயிலும் பார்க் பேயிலும் நீர் ஏறியிருந்தால் கரையோரமாகச் சுற்றிப் போகப் பாதை வெட்டியிருக்கிறார்கள். அவரோவாவில் அப்படி எதுவும் கிடையாது. அங்கே நேரம் தவறினால் அடுத்த வற்றம் வரை 12 மணி 25 நிமிடம் காத்திருக்க வேண்டியதுதான்.

இயற்கைப் பாதுகாப்புத் துறை (இங்கே எல்லோரும் டாக் என்பது இதைத்தான்) சொல்லும் கணக்கு: வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பிருந்து, வற்றத்துக்குப் பின் இரண்டு மணி நேரம் வரை. மொத்தம் மூன்றரை மணி நேரம். முன்னால் குறைவாகவும் பின்னால் அதிகமாகவும் இருப்பதைக் கவனியுங்கள். கழிமுகம் அகலமானது, வாய் குறுகலானது. வெளியே கடல் இறங்கினாலும் உள்ளே தேங்கிய நீர் வடிய நேரமாகும். அதனால் சீக்கிரமே இறங்கி நிற்பதை விட, அட்டவணை நேரத்தை ஒட்டிக் கிளம்புவது நல்லது.

டாஸ்மன் விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 4 மீட்டரைத் தாண்டும் நாட்கள் உண்டு. நியூசிலாந்தில் இவ்வளவு ஏறி இறங்கும் கரைகள் குறைவு. நீர் சீராக ஏறுவதில்லை என்பதுதான் பலர் மாட்டிக்கொள்ளக் காரணம். மாலுமிகள் வைத்திருக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு கணக்கு இங்கே உதவும். வற்றத்துக்குப் பின் முதல் மணி நேரத்தில் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஏறும், இரண்டாம் மணியில் இரண்டு பங்கு, மூன்றாம், நான்காம் மணிகளில் மூன்று மூன்று பங்கு. 4 மீட்டர் நாளில் முதல் மணியில் ஏறுவது 33 செ.மீ.தான். இரண்டாம் மணி முடிவில் ஒரு மீட்டர். மூன்றாம் மணி முடிந்தால் இரண்டு மீட்டர். "இப்போதுதானே முழங்கால் அளவு இருந்தது" என்று நடுவில் நின்று புகைப்படம் எடுப்பவர்களுக்கு அடுத்த அரை மணியில் இடுப்பளவு நீர் வந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

உங்கள் விஷயத்தில் நல்ல செய்தி, குடில் கழிமுகத்தின் கரையிலேயே இருக்கிறது. வாசலிலிருந்து இறங்கினால் கடக்கும் இடம். எதிர்க்கரையில் ஆரஞ்சு நிற அடையாளத்தைப் பார்த்து அதை நோக்கியே நடங்கள். நேர்க்கோட்டில் குறுக்குவழி தேடி வாய்ப்பக்கம் ஒதுங்கினால் ஆழமான ஓடையில் கால் வைப்பீர்கள். நிதானமாக நடந்தால் அரை மணி போதும். வற்றத்திலும் ஓடைகளில் நீர் இருக்கும், கால் நனையாமல் போக முடியாது.

வெறுங்காலோடு இறங்க வேண்டாம். தரை முழுக்க மட்டிச் சிப்பி. செங்குத்தாகப் புதைந்திருக்கும் உடைந்த ஓட்டின் விளிம்பு கத்தி மாதிரி உள்ளங்காலைக் கிழிக்கும், அதற்குப் பின் இன்னும் 6, 7 கி.மீ. நடக்க வேண்டும். பின்வார் உள்ள சாண்டல் அல்லது பழைய கேன்வாஸ் ஷூ சரியாக இருக்கும். ரப்பர் செருப்பு வேண்டாம், சேறு உறிஞ்சிக் கழற்றிவிடும். நடைக்காலணியைக் கட்டி முதுகுப்பையில் தொங்கவிட்டு, அக்கரையில் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு சின்னத் துண்டு கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். மணலோடு காலுறை போட்டால் ஒரு மணி நேரத்தில் கொப்புளம்.

இரண்டாம், மூன்றாம் நாட்களுக்கு: வற்றம் நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகும், சில நாட்களில் ஒரு மணிக்கு மேலும் போகும். நான்காம் நாள் 6:10 என்றால் மூன்றாம் நாள் சுமார் 5:20, இரண்டாம் நாள் சுமார் 4:30. டாரண்ட் பேயில் வற்றத்துக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு மணி நேரம் கடக்கலாம். நீங்கள் காலை உணவு முடித்துக் கிளம்பும்போது நீர் ஏறியிருக்கும், சுற்றுப்பாதைதான். ஆங்கரேஜிலிருந்து பார்க் பே 8.4 கி.மீ. என்பது 11.5 கி.மீ. ஆகும், மூன்று மணி நடை நான்கு மணியாகும். இதில் நட்டம் ஒன்றும் இல்லை. கிளியோபாட்ரா குளம் அந்தச் சுற்றுப்பாதையின் கிளைவழியில்தான் இருக்கிறது. பாசி படிந்த பாறையில் நீர் வழுக்கிக்கொண்டு குளத்தில் விழும், உங்கள் மகள் அங்கிருந்து கிளம்ப மறுப்பாள். நீர் பனிக்கட்டி போலக் குளிரும், அதை மட்டும் முன்பே சொல்லிவையுங்கள்.

பனங்காடு:

தென்கோடி அண்ணை சொன்னதெல்லாம் சரி. ஆனால் தங்கச்சி, முதலில் ஒன்றைப் பாருங்கோ. நீங்கள் வைத்திருக்கிற அட்டவணையின் தலைப்பில் என்ன நேரம் என்று எழுதியிருக்கு? இங்கே செப்டெம்பர் கடைசி ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். சில அட்டவணைகளில் அந்த ஒரு மணித்தியாலம் சேர்த்திருக்கும், சிலதில் சேராது, நாங்கள்தான் கூட்ட வேண்டும். ஜனவரியில் இதைப் பார்க்காமல் போனால் உங்கள் முழுக் கணக்கும் ஒரு மணித்தியாலம் பிசகும். மூன்றரை மணித்தியால அவகாசத்தில் ஒரு மணித்தியாலம் என்றால் சின்ன விஷயம் இல்லை. இன்னொன்று, எந்த இடத்துக்கான அட்டவணை? நெல்சன் துறைமுகத்துக்கானது என்றால் நிமிடக் கணக்கு வித்தியாசம்தான், பயப்படத் தேவையில்லை. ஓக்லாந்து, வெலிங்டனுக்கு உரியது என்றால் கிழித்துப் போடுங்கோ.

கடைசிச் சொல் குடில் காவலருடையது. கடக்கிறதுக்கு முந்தின நாள் பின்னேரமே அவரிடம் கேளுங்கோ. குடிலிலும் அடுத்த நாளைய வற்று நேரம் எழுதிப் போட்டிருப்பார்கள்.

மாமாவின் முழங்காலைப் பற்றி: இந்தப் பாதை நல்லாய்ச் சீர்செய்த பாதை, வேர், பாறை என்று ஏறி இறங்கிற வேலை குறைவு. கடினமான துண்டு மூன்றாம் நாள், பார்க் பேயிலிருந்து அவரோவா, 13.5 கி.மீ. ஓனெடஹூட்டிக் கடற்கரை கழிந்ததும் டோங்கா கணவாய்க்கு ஏற வேண்டும், உயரம் 260 மீற்றர் அளவு. ஏறினதை எல்லாம் மற்றப் பக்கம் இறங்க வேண்டும், அங்கேதான் முழங்கால் கதைக்கும். இரண்டு ஊன்றுகோல் கட்டாயம், ஒன்று போதாது. இறக்கத்தில் கோலின் நீளத்தை 5 முதல் 10 செ.மீ. கூட்டி விடுங்கோ. அவருடைய பை 6 கிலோவுக்கு மேலே போகக்கூடாது. ஏலாது என்றால் அன்றைக்கு மட்டும் அவர் பார்க் பேயிலிருந்து அவரோவாவுக்கு வாட்டர் டாக்ஸியில் வரலாம். இருவர் நடக்க, ஒருவர் துணைக்கு அவரோடு படகில் வரலாம். ஆனால் அவரோவாவில் படகு விடுகிற கடற்கரையிலிருந்து குடிலுக்கு நடை இருக்கு, அதுவும் நீர்மட்டத்தைப் பார்த்து. முன்பதிவு செய்யும்போதே "குடிலுக்குப் போகிறோம்" என்று சொல்லி வழி கேளுங்கோ.

டோட்டரநூயிக்கு வடக்கே வாட்டர் டாக்ஸி போகாது. நீங்கள் அங்கேயே முடிக்கிறபடியால் பிரச்சினை இல்லை. ஃபாரிஃபாராங்கி குடில் வரை போய், பாதையின் வடமுனையான வைனூயியில் முடிக்கிறவர்கள் திரும்புகிற வாகனத்தை டாக்கக்கா பக்கமிருந்து ஒழுங்கு செய்ய வேண்டும்.

ஆக்லாந்துக்காரி:

பனங்காடு அண்ணா, நீங்கள் சொன்ன பிறகு பார்த்தேன். நெல்சன் அட்டவணைதான், ஆனால் "நியூசிலாந்து நிலை நேரம்" என்றே போட்டிருக்கிறது, கோடைக்கால ஒரு மணி நேரம் சேர்க்கவில்லை. அப்படியென்றால் நான்காம் நாள் வற்றம் 7:10. கடக்கும் அவகாசம் 5:40 முதல் 9:10 வரை. சரிதானே?

தென்கோடி:

சரி. பனங்காடு கண்ணுக்குத் தப்பாது.

இப்போது கணக்கு உங்களுக்குச் சாதகமாகிவிட்டது. ஜனவரி நடுவில் அங்கே சூரியன் உதிப்பது ஆறு மணியைக் கொஞ்சம் தாண்டி. விளக்கே தேவையில்லை. 6:45க்கு மூட்டை கட்டி முடித்து, 7 மணிக்கு இறங்கி, 7:30க்கு அக்கரை. சமைத்துச் சாப்பிடுவதை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். குடிலில் உட்கார்ந்து உப்புமா கிண்டிக்கொண்டிருந்தால் 9 மணி ஆகிவிடும், அதன்பின் அவசரம், அவசரத்தில் தடுமாற்றம். அக்கரையிலிருந்து டோட்டரநூயி சுமார் 7 கி.மீ. மாமனார் நடையில் மூன்று மணி நேரம் வையுங்கள். மதியத்துக்கு மேல் கிளம்பும் படகில் இடம் போடுங்கள்.

இரண்டாம் நாள் வற்றமும் ஒரு மணி தள்ளி 5:30 ஆகிறது. ஆங்கரேஜிலிருந்து 7 மணிக்கு முன் கிளம்பினால் டாரண்ட் பேயைக் குறுக்கே கடந்து 3 கி.மீ. மிச்சப்படுத்தலாம். முழங்காலுக்காக அதைச் செய்வதா, குளத்துக்காகச் சுற்றிப் போவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

மழையைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. முந்தைய இரவு கனமழை பெய்தால் அவரோவா ஆறும் அதில் சேரும் ஓடைகளும் பெருகும், அட்டவணை சொல்வதை விட நீர் கூடுதலாக இருக்கும். இழுப்பு இருந்தால் மாமனாரும் மகளும் நடுவில், பெரியவர்கள் இருபக்கம், கைகோத்து, நீரோட்டம் போகும் திசைக்கு லேசாகச் சாய்வாக நடங்கள். பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டு இறங்குவதா, கட்டிக்கொண்டு இறங்குவதா என்று இருவிதமாகச் சொல்வார்கள். தொடைக்கு மேல் நீர் இருந்தால் இறங்கவே வேண்டாம் என்பதால் உங்களுக்கு அந்த விவாதம் தேவையில்லை.

துடுப்பு:

கயாக்குக்கு முதல் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு நாள் வைத்தால் கயாக்கைக் கொண்டுவருவது, எடுத்துப்போவது எல்லாம் சிக்கல். மாராஹாவிலிருந்து ஆங்கரேஜ் நடை 12.4 கி.மீ., நான்கு மணி நேரம். அதையே கடலில் போனால் மூன்றிலிருந்து நான்கு மணி, முழங்காலுக்கும் ஓய்வு. கயாக்கை ஆங்கரேஜ் கடற்கரையில் விட்டுவிட ஏற்பாடு செய்துகொண்டால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். பெரிய பைகளை வாட்டர் டாக்ஸியில் அனுப்பிவிடலாம்.

வழிகாட்டியோடு போங்கள். நான்கு பேரில் யாருக்கும் அனுபவம் இல்லையென்றால் இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. சிறுவர்களை எந்த வயதிலிருந்து ஏற்றுவார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், 12 என்று முதலிலேயே சொல்லிக் கேளுங்கள். இரட்டை இருக்கைக் கயாக் இரண்டு. பின்னால் உட்காருபவர் காலில்தான் சுக்கான் மிதி இருக்கும், அதனால் பலமானவர் பின்னால். இடுப்பைச் சுற்றி மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் முன்னால் ஒரு பட்டை தொங்கும். அது உள்ளே மடங்கிவிடாமல் வெளியே தெரிகிறதா என்று ஒவ்வொரு தடவையும் கையால் தொட்டுப் பாருங்கள். கவிழ்ந்தால் அதை முன்னோக்கி இழுத்துத்தான் வெளியே வர வேண்டும்.

காற்றுதான் நாளைத் தீர்மானிக்கும். தெளிவான கோடைநாளில் நிலம் சூடேறியதும் பிற்பகலில் வடக்கிலிருந்து கடற்காற்று எழும். நீங்கள் போவது வடக்கு, அதாவது எதிர்க்காற்று. காலை 8 மணிக்கெல்லாம் நீரில் இருந்தால் உச்சிக்குள் ஆங்கரேஜ். 11 மணிக்குக் கிளம்புகிறவர்கள் கடைசி இரண்டு கி.மீ.யில் துடுப்பைப் போட்டும் நகராமல் நிற்பார்கள். அன்று உங்கள் கணக்குப்படி ஏற்றம் காலை 11 மணியை ஒட்டி வருகிறது. 8 மணிக்கு மாராஹாவில் நீர் பாதி ஏறியிருக்கும், சேற்றுத் திட்டில் கயாக்கை இழுக்கும் வேலை குறையும்.

வழியில் சாப்பிடக் கரை ஒதுங்கினால் கயாக்கைத் தண்ணீர் விளிம்பில் விட்டுவிட்டு நடக்காதீர்கள். கடற்பாசி வரிசையாகக் காய்ந்து கிடக்கும் கோடு இருக்கும், அதற்கு மேலே தூக்கி வையுங்கள். ஒரு வேளை உணவுக்குள் நீர் பத்து மீட்டர் உள்ளே வந்து கயாக்கை எடுத்துக்கொண்டு போவது இந்தக் கரையில் வழக்கமாக நடப்பது.

சீல்களிடம் 20 மீட்டர் தள்ளியே இருங்கள், கடலுக்கும் அதற்கும் நடுவில் போகாதீர்கள். டோங்கா தீவைச் சுற்றியுள்ள கடல் 1993 முதல் காப்பகம், அங்கே தூண்டில் போடுவதோ சிப்பி பொறுக்குவதோ கூடாது.

பருத்தி உடை வேண்டாம். நனைந்தால் காயாது, காற்றில் உடம்பு விறைத்துவிடும். கம்பளி அல்லது பாலியெஸ்டர் மேலாடை போடுங்கள், கண்ணாடிக்குக் கழுத்துக் கயிறு கட்டுங்கள்.

அடுப்படி:

எரிவாயுக் கணக்கு என் பங்கு. இந்தப் பாதையின் நான்கு குடில்களிலும் மெத்தை, கழிப்பறை, தண்ணீர் உண்டு. அடுப்பும் பாத்திரமும் கிடையாது. நான்கு பேருக்கு இரவில் 4 லிட்டர், காலையில் 3 லிட்டர் கொதிநீர் என்றால் மூன்று இரவுக்கு 21 லிட்டர். ஒரு 230 கிராம் உருளை சாதாரண அடுப்பில், காற்று மறைப்போடு, 10 லிட்டருக்கு மேலேயே கொதிக்க வைக்கும். ஆக இரண்டு போதும். குடிநீருக்கும் கொதிக்க வைப்பதாக இருந்தால் மூன்று. சுத்திகரித்த தண்ணீர் எல்லா இடத்திலும் கிடைக்காது, அதனால் வடிகட்டியோ மாத்திரையோ வைத்திருப்பது எரிவாயு சுமப்பதை விட இலேசு. கொதிக்க வைத்தால் நன்றாகத் தளதளவென்று வந்த பிறகு 3 நிமிடம்.

ஆக்லாந்திலிருந்து விமானம் என்றால் உருளையைப் பையில் வைக்கவே கூடாது, செக்-இன் பையிலும் கூடாது. நெல்சனிலோ மோட்டுவேகாவிலோ இறங்கி வாங்குங்கள். பழைய அடுப்பில் எரிபொருள் வாடை இருந்தாலும் நிறுத்திவிடுவார்கள், கழுவிக் காயவைத்து எடுத்துப் போங்கள்.

சோறு வடிக்கும் எண்ணத்தை விடுங்கள், எரிவாயு தின்னும். ஆளுக்கு 80 கிராம் கூஸ்கூஸ் எடுத்து, அதே அளவு கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் மூடி வைத்தால் வெந்துவிடும். அதில் வீட்டிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலைப் பிசையுங்கள். புளியோதரை இல்லை என்று மாமனார் சொல்லட்டும் பார்க்கலாம். ரவையைக் கடுகு, உளுந்து, மிளகாய், கறிவேப்பிலை தாளித்து வீட்டிலேயே வறுத்துப் பொட்டலம் கட்டினால் காலை உணவு ஆயிற்று. அவரோவா காலைக்கு மட்டும் அடுப்பே வேண்டாத அவல், வெல்லம், வேர்க்கடலை.

வேக்கா என்ற பறக்காத பறவை ஒன்று அங்கே சுற்றும். பையைத் திறந்து வைத்துத் திரும்பினால் பொட்டலத்தை இழுத்துக்கொண்டு புதருக்குள் ஓடிவிடும். ஸ்பூன், சாக்ஸ் எதையும் விடாது. ஜிப்பை மூடியே வையுங்கள். குப்பைத் தொட்டி கிடையாது, தேயிலைத்தூள் வரை எல்லாம் திரும்ப உங்களோடு.

ஆக்லாந்துக்காரி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: மாமனாருக்குக் குளவிக் கொட்டு என்றால் வீங்கும். ஜனவரியில் அங்கே குளவி உண்டா? ஃபோன் எடுக்குமா?

பனங்காடு:

குளவி உண்டு, கோடை முற்ற முற்றக் கூடும். தண்டெல்லாம் கரி பூசினது மாதிரிக் கறுத்திருக்கிற பீச் (beech) என்கிற காட்டு மரங்களைக் கண்டால் கையை ஊன்றாதேங்கோ. அந்தக் கறுப்புப் பூஞ்சணம் வளர்வது பூச்சி சொட்டவிடுகிற தேன்துளியில், குளவியும் அதற்குத்தான் வரும். இனிப்புப் பானப் போத்தலைத் திறந்து வைத்துவிட்டுப் பார்க்காமல் குடிக்க வேண்டாம். ஒவ்வாமை மாத்திரை என்ன அளவில் என்று வெளிக்கிட முதல் அவருடைய வைத்தியரைக் கேளுங்கோ. முன்பு மூச்சு முட்டினது, தொண்டை வீங்கினது என்று ஏதும் இருந்தால் எப்பிநெப்ரின் ஊசியைப் பற்றியும் கேளுங்கோ. மாத்திரை பையின் அடியில் இல்லாமல் சட்டைப்பையில் இருக்கட்டும்.

ஃபோன் பாதையின் பெரும்பகுதியில் எடுக்காது. 406 மெகாஹெர்ட்ஸ் அவசர அழைப்புக் கருவி ஒன்றை நெல்சனில் வாடகைக்கு எடுங்கோ. அதை மாமாவோடு நடக்கிறவர் வைத்திருக்க வேண்டும், முன்னால் ஓடுகிற பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம். எந்த நாள் எந்தக் குடில், எத்தனை மணிக்கு டோட்டரநூயிப் படகு என்று ஒரு தாளில் எழுதி ஓக்லாந்தில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, எத்தனை மணிக்குள் உங்களிடமிருந்து சத்தம் இல்லையென்றால் அவசர எண் 111க்கு அடிக்க வேண்டும் என்றும் அதிலேயே எழுதிவிடுங்கோ.

மணல் ஈ கடிக்கும். பிக்காரிடின் மருந்து பூசினால் போதும், கணுக்காலை மறக்காதேங்கோ.